அரை மில்லிமீட்டர் தகட்டில் பிளஷ் ரிவெட்: சுற்றிலும் பள்ளம் விழுகிறது, சில தலைகள் எழும்பி நிற்கின்றன

கார்போர்ச்_கட்டுநர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாயான் லெப்பாஸில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில், இருவர் அமரக்கூடிய அலுமினிய விமானம் ஒன்றை உதிரித் தொகுப்பாக வாங்கிக் கட்டி வருகிறேன். பகலில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். தகட்டு வேலை எனக்கு முற்றிலும் புதிது. வால்பகுதியிலிருந்து தொடங்குமாறு கையேடு சொல்வதால் இப்போது சுக்கானுக்கு வந்திருக்கிறேன். அதற்கு முன் கை பழகட்டும் என்று, அதே கனமுள்ள துண்டுத் தகடுகளைக் கொண்டு ஒரு சிறு பெட்டி செய்து பார்த்தேன். அதில் தெரிந்த குறைகளைப் பார்த்த பிறகு, உண்மையான சுக்கான் தகட்டைத் தொடுவதற்கே தயக்கமாக இருக்கிறது.

மேல்தகடு 2024-டி3 அல்கிளாட் (தூய அலுமினிய மேற்பூச்சுள்ள அலுமினியக் கலவை), 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் கனம். அது ஒருபுறம் 0.025 அங்குல ரிப்புகளின் (உள்ளே குறுக்காக வரும் சட்டங்கள்) மீதும், மறுபுறம் 0.040 அங்குல ஸ்பார் (நீளவாக்கில் வரும் முதன்மைச் சட்டம்) விளிம்பின் மீதும் அமர்கிறது. ரிவெட் ஏஎன்426ஏடி3, அதாவது தலை தகட்டோடு சமமாக அமரும் பிளஷ் வகை, 3/32 அங்குலத் தண்டு, 100 பாகைத் தலை. துளைகளை 2.5 மில்லிமீட்டர் பிட்டால் இட்டேன். கையேட்டில் உள்ளபடி மேல்தகட்டிலும் ரிப்பிலும் டிம்பிள் போட்டேன், அதாவது தலை அமர்வதற்காகத் துளையைச் சுற்றித் தகட்டைக் கூம்பாகக் குழித்தேன். ஸ்பார் விளிம்பு கனமானது என்பதால் அதில் கவுண்டர்சிங்க், அதாவது கூம்புக் குழி, வெட்டினேன். டிம்பிள் போட்டது சி வடிவச் சட்டத்தில் அச்சுகளை மாட்டி, ரப்பர் சுத்தியலால் தட்டித்தான். பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் இரும்புச் சுத்தியலை எடுக்க மனம் வரவில்லை.

நான் பார்த்த குறைகள் மூன்று. ரிப்பின் மேலுள்ள ரிவெட்டுகளைச் சுற்றி, இருபது சென் நாணய அகலத்துக்குத் தகடு லேசாகக் குழிந்திருக்கிறது. கையால் தடவினால் தெரியாது. ஆனால் குழல் விளக்கின் பிம்பத்தைத் தகட்டில் பார்த்தால், ஒவ்வொரு ரிவெட்டிடமும் அந்த வெளிச்சக் கோடு அலைபோல் நெளிகிறது. அடுத்து, ஸ்பார் வரிசையில் ஏறக்குறைய பாதி ரிவெட்டுகளின் தலை மேற்பரப்புக்குச் சமமாக அமராமல், நகம் தட்டும் அளவுக்கு எழும்பி நிற்கிறது. இவை எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்பட வைப்பது மூன்றாவது: மூன்று டிம்பிள்களின் துளை விளிம்பில் முடியளவு விரிசல் தெரிகிறது.

லோரி பாடி கட்டும் நண்பர் ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, டிம்பிள் எல்லாம் வேண்டாத வேலை, மேல்தகட்டிலும் நேராகக் கவுண்டர்சிங்க் வெட்டிவிட்டால் எல்லாம் சமமாக அமர்ந்துவிடும் என்கிறார். அவர் சொல்வது சரியா? சரியில்லை என்றால் நான் எங்கே தவறினேன்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


சுபாங்_தகட்டுக்காரர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். சுபாங்கில் விமானத் தகட்டு வேலையிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். பழகும் பெட்டியிலேயே குறைகளைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. பலர் இறக்கையை முடித்துவிட்டுத்தான் வந்து கேட்பார்கள்.

முதலில் நண்பரின் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். லோரியின் தகடும் சட்டமும் கனமானவை, அங்கே அது செல்லும். இங்கே செல்லாது, ஏன் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ரிவெட்டின் தலை 0.179 அங்குல விட்டமும் 0.036 அங்குல ஆழமும் உள்ள கூம்பு. உங்கள் தகட்டின் கனமோ 0.020 தான். தலை சமமாக அமரும்வரை வெட்டினால், வெட்டும் பிட் தகட்டைத் துளைத்து மறுபுறம் போய்விடும். 100 பாகைக் கூம்பில் 0.020 ஆழம் இறங்கிய இடத்தில் விட்டம் 0.131 அங்குலம் இருக்கும். அதாவது நீங்கள் இட்ட 2.5 மில்லிமீட்டர் துளை, தகட்டின் அடிப்பக்கத்தில் 3.3 மில்லிமீட்டராக விரிந்துவிடுகிறது. 2.4 மில்லிமீட்டர் தண்டு அதற்குள் எதையும் தொடாமல் நிற்கும். தகட்டைப் பிடித்திருப்பது ரிவெட் தலையின் சரிவும், அதை உரசிக்கொண்டிருக்கும் கத்தி முனை போன்ற ஒரு விளிம்பும் மட்டுமே. புதிதாக இருக்கும்போது கண்ணாடி போலப் பளபளக்கும். இயந்திர அதிர்வில் அந்த விளிம்பு நசுங்க நசுங்க ரிவெட் ஆடத் தொடங்கி, சுற்றிலும் கரிய தூள் படியும். புகைகிற ரிவெட் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

ஆகவே தலையின் ஆழத்தை விடக் கனமான தகட்டில்தான் வெட்ட வேண்டும். 3/32 ரிவெட்டுக்கு 0.040 தகடு நிம்மதியானது. பல தொகுப்புகளின் வரைபடங்கள் 0.032 வரை அனுமதிக்கின்றன. அந்த இடத்தில் அது கடைசி எல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வெட்ட வேண்டும். அதற்கும் கீழே போனால் டிம்பிள் மட்டும்தான். டிம்பிளில் உலோகம் வெட்டுப்படுவதில்லை, வளைக்கப்படுகிறது. மேல்தகட்டின் குழிவு ரிப்பின் குழிவுக்குள், அடுக்கி வைத்த இட்லித் தட்டுகள் போல, ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்துகொள்கிறது. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ முயலும்போது தண்டு மட்டுமல்லாமல் அந்தக் குழிவுகளும் சேர்ந்து தடுக்கின்றன. எனவே டிம்பிள் போட்ட இணைப்பு, தட்டையாக வைத்து அறைந்த இணைப்பை விட வலுவானதாகவே இருக்கும்.

இனி உங்கள் பள்ளத்துக்கு வருவோம். ரப்பர் சுத்தியல் என்று எழுதியிருந்ததைப் படித்ததுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ரிவெட் கன்னால்தான் (காற்றழுத்தத்தில் ரிவெட்டை அறையும் கருவி) பள்ளம் விழுகிறது என்று புதியவர்கள் நினைப்பது வழக்கம். பெரும்பாலான நேரங்களில் அது கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்பே, டிம்பிள் அரைகுறையாகப் போடப்பட்டபோதே வந்துவிட்டது. ஆண் அச்சும் பெண் அச்சும் முழுமையாக மூடினால்தான், குழிவின் ஓரம் கூர்மையாக மடிந்து, அதற்கு வெளியே உள்ள தகடு தட்டையாகவே இருக்கும். அச்சு முழுமையாக மூடாவிட்டால் அந்த மடிப்பு உருவாகாமல், சரிவு மெல்ல மெல்ல வெளியே பரவி, நீங்கள் சொல்லும் நாணய அகலத்துக்கு ஒரு தட்டம் போல் ஆகிவிடும். ரப்பர் சுத்தியல் அடியின் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடுகிறது. ஒரு கிலோவுக்குக் குறையாத இரும்புச் சுத்தியலால், தயங்காமல் ஓர் அடி, தேவையானால் இன்னோர் அடி. அச்சுகள் மூடும்போது மந்தமான ஓசை மாறி இறுக்கமாகக் கேட்கும். அந்த மாற்றத்தைக் காது ஒருமுறை பழகிக்கொண்டால் பிறகு மறக்காது. சரியாகப் போட்ட டிம்பிளைச் சுற்றி அச்சின் முகம் பதித்த மெல்லிய வளையம் தெரியும். அந்த வளையம் இல்லாத துளைக்குள் ரிவெட்டை விடாதீர்கள்.

குழந்தையின் தூக்கத்துக்காக ஒரு மாற்று வழியும் உண்டு. நீண்ட நெம்புகோலால் அழுத்தி டிம்பிள் போடும் சட்டங்கள் கிடைக்கின்றன. அவை ஓசை எழுப்புவதில்லை. நெம்புகோல் கடைசிவரை இறங்குமாறு சரிசெய்துவிட்டால் எல்லாக் குழிவுகளும் ஒரே அளவில் வரும். தகட்டின் ஓரத்துக்கு அருகில் உள்ள துளைகளுக்குக் கையால் அழுத்தும் இடுக்கி போன்ற ஸ்குவீசரே போதும்.

எந்தச் சட்டமானாலும், பெண் அச்சின் மட்டத்துக்குச் சமமாகச் சுற்றிலும் ஒரு மேசை அமைத்து, அதன்மேல் பழைய கம்பளம் விரித்து வையுங்கள். தகடு ஒருபக்கம் தொங்கினால் துளை ஆண் அச்சின் முனையிலிருந்து நழுவிவிடும்; அதைப் பார்க்காமல் அடித்தால், பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு துளை விழுந்து எட்டு வடிவமாகிவிடும். என் பயிற்சிக் காலத்தில் நான் செய்த முதல் தவறு அதுதான். மேற்பார்வையாளர் அந்தத் தகட்டை மூன்று மாதம் என் மேசைக்கு எதிரே மாட்டி வைத்திருந்தார்.

விரிசல்கள் பற்றி எழுதுவதற்கு முன் இரண்டு செய்திகள் எனக்குத் தெரிய வேண்டும். துளையின் பிசிறை எதனால், எப்படி நீக்கினீர்கள்? ஸ்பாரில் கவுண்டர்சிங்க் வெட்டிய பிட்டின் கோணம் என்ன, அதை எங்கே வாங்கினீர்கள்?


புடு_பட்டறை எழுதியது:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன், விமானம் கட்டுபவன் அல்லன். இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற சிறு விமானத்துக்கு உருண்டைத் தலை ரிவெட்டே போதாதா? இவ்வளவு பாடுபட்டு எத்தனை கிலோமீட்டர்தான் கூடிவிடப் போகிறது?


பிறை_ரிவெட் எழுதியது:

புடு அண்ணனின் கேள்வி நியாயமானதுதான். விமானக் கூறுகள் செய்யும் தொழிற்சாலையில் தகட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பயிற்சி வகுப்பிலும் இதே கேள்வி எழும். ஹோவர்ட் ஹியூஸின் எச்-1 பந்தய விமானம் 1935இல் மணிக்கு 352 மைல் வேகத்தில் உலகச் சாதனை படைத்தபோது, அதன் உடல் முழுவதும் சமமாக அமரும் ரிவெட்டுகளே இருந்தன. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் இதையே தலைகீழாகச் சோதித்தார்கள். எல்லா ரிவெட்டும் சமமாக இருந்த விமானத்தில், ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 22 மைல் வரை குறைந்தது. பிறகு பருப்பை வரிசை வரிசையாக உரித்தெடுத்து, எந்தெந்த இடத்தில் உருண்டைத் தலையை விட்டுவைத்தாலும் நட்டமில்லை என்று கண்டறிந்தார்கள். நம் வீட்டில் வடைக்குப் பருப்பு ஊறவைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

மெதுவாகப் பறக்கும் விமானத்தில் இழப்பு அந்த அளவுக்கு இருக்காது என்பது உண்மை. உருண்டைத் தலை ரிவெட்டாலேயே கட்டப்பட்ட நல்ல சிறு விமானங்கள் பல பறக்கின்றன. ஆனால் கட்டுபவர் தம் விருப்பத்துக்கு ரிவெட் வகையை மாற்ற முடியாது. வரைபடம் கேட்பதைத்தான் போட வேண்டும், ஏனென்றால் அந்த இணைப்பின் வலிமைக் கணக்கே அந்த ரிவெட்டை வைத்துப் போடப்பட்டது.

கார்போர்ச் கட்டுநருக்கு: ஐயா சொன்னதோடு நான் முழுமையாக உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. பள்ளத்தில் கன்னுக்கும் பங்கு உண்டு. கன்னைப் பிடித்திருப்பவர் தகட்டின்மேல் நன்றாக அழுத்திய பிறகே விசையைத் தொட வேண்டும். உள்ளே பக்கிங் பார் (தண்டின் வால் முனையைத் தாங்கும் இரும்புக் கட்டி) பிடித்திருப்பவர், கன்னின் அழுத்தத்தை விடச் சற்றுக் குறைவாகவே தாங்க வேண்டும். பார் மிஞ்சிப் போனால் ரிவெட் வெளியே தள்ளப்பட்டு, தலை எழும்பி நின்றுவிடும். பார் துளையிலிருந்து நழுவிவிட்டால் அடி முழுவதும் மெல்லிய தகட்டின் மேல் விழும். 3/32 ரிவெட்டுக்கு 3எக்ஸ் அளவுக் கன்னை 40 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கி, துண்டுத் தகட்டில் அறைந்து பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். முகம் லேசாகக் குவிந்த, சுற்றிலும் ரப்பர் வளையம் உள்ள, தானே சாய்ந்துகொடுக்கும் செட்டை (கன்னில் மாட்டும் அடிமுனை) பயன்படுத்தினால், கன் சற்றே கோணினாலும் தகட்டில் பிறை வடிவக் காயம் விழாது.

சுக்கானைப் பொறுத்தவரை பின்பக்க ரிவெட்டிங் என்ற முறையை நீங்கள் கற்றுக்கொள்வது நல்லது. மெருகேற்றிய இரும்புத் தட்டு ஒன்றை மேசையின் மட்டத்துக்குச் சமமாகப் பதித்துவிட்டு, ரிவெட்டுகளைத் துளையில் இட்டு, தலைகளின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, தகட்டைக் கவிழ்த்து அந்தத் தட்டின்மேல் வைக்க வேண்டும். தலை இரும்பின்மேல் இருக்கும். கன் அடிப்பது தண்டின் வால் முனையை. தலைப்பக்கத்தில் எதுவும் மோதாததால் பிம்பம் நெளிவதே இல்லை. சுக்கானின் உள்பக்கத்தில் நீளவாக்கில் வரும் விறைப்புக் கம்பிகளுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஒரே ஓர் எச்சரிக்கை: தகட்டை நகர்த்திக்கொண்டே போகும்போது, அடுத்த ரிவெட் இரும்புத் தட்டின்மேல் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் விரலால் தட்டித் தெரிந்துகொள்ளுங்கள். தட்டைத் தாண்டி, மரத்தின்மேல் நின்ற ரிவெட்டை நான் ஒருமுறை அறைந்துவிட்டேன். தலை மரத்துக்குள் புதைந்தது, தகடு கிண்ணம் போல் ஆனது. ஒரு முழுத் தகடு வீண்.

பினாங்குக் காற்றைப் பற்றியும் ஒரு சொல். கடற்காற்றின் ஈரம் கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீராகத் தேங்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அடிக்குழாயைத் திறந்து வடித்துவிடுங்கள். குழாயில் ஒரு நீர்ப்பிரிப்பானும் மாட்டுங்கள். அந்த நீர் கன்னைத் துருப்பிடிக்கச் செய்வதோடு, பிரைமர் தெளிக்கும்போது டிம்பிள்களுக்குள் கொப்புளமாகவும் வந்து நிற்கும்.


கார்போர்ச்_கட்டுநர் எழுதியது:

ஐயாவுக்கும் சகோதரிக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை, பக்கத்து வீட்டில் விழித்திருக்கும் நேரம் பார்த்து அனுமதி கேட்டுவிட்டு, ஒன்றரைக் கிலோ இரும்புச் சுத்தியலால் இருபது டிம்பிள் போட்டுப் பார்த்தேன். ஐயா சொன்ன வளையம் தெரிகிறது. ஓசை மாறுவதும் கேட்கிறது. அவற்றில் ரிவெட் அறைந்து குழல் விளக்கின் கீழே பிடித்தபோது, வெளிச்சக் கோடு ரிவெட் தலையின் ஓரத்தில் மட்டும் ஒடிந்து, மற்ற இடங்களில் நேராக ஓடியது.

கேட்ட விவரங்கள்: பிசிறு நீக்கப் பெரிய டிரில் பிட் ஒன்றைக் கையில் பிடித்துத் திருகினேன். வெளிப்பக்கத்தில் பளிச்சென்று சரிவு தெரியும்வரை திருகினேன். உள்பக்கத்தில், ஒப்புக்கொள்கிறேன், பல துளைகளை விட்டுவிட்டேன். கவுண்டர்சிங்க் பிட் லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கியது. நேற்று அதைக் கோணமானியில் வைத்துப் பார்த்தேன்: 90 பாகை. இது இவ்வளவு பெரிய வேறுபாடு என்று அப்போது தெரியவில்லை.


சுபாங்_தகட்டுக்காரர் எழுதியது:

நான் சந்தேகப்பட்டது அதைத்தான். நம் ஊர் இரும்புக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மெட்ரிக் திருகாணிக்கான 90 பாகை. இழுத்துப் பொருத்தும் ரிவெட்டுகளில் சிலவற்றுக்கு 120 பாகை வேண்டும். உங்களுக்கு வேண்டியது 100 பாகை, அதுவும் முன்னால் வழிகாட்டி முனை உள்ளது. 90 பாகைக் குழிக்குள் 100 பாகை டிம்பிளை வைத்தால், இரண்டும் மேல் ஓரத்தில் மட்டுமே தொட்டுக்கொள்ளும், அடியில் வெற்றிடம். தலை எழும்பி நிற்பதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். ஸ்பாரில் வெட்டும் குழி ரிவெட் தலைக்காக அல்ல, மேல்தகட்டின் டிம்பிளுக்காக. டிம்பிளின் அடிப்பக்கக் கூம்பு தலையின் கூம்பை விடப் பெரியது. ரிவெட் சரியாக அமரும் ஆழத்துக்கு வெட்டிய பிறகு, மேல்தகட்டின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இறக்க வேண்டும். உங்கள் 0.020 தகட்டுக்கு அது 0.006 முதல் 0.007 அங்குலம். ஆழம் நிறுத்தும் கூண்டுடன் கூடிய கவுண்டர்சிங்க் கருவியில் ஒரு சொடுக்கு பொதுவாக 0.001 அங்குலம், ஆகவே ஆறேழு சொடுக்குகள். டிம்பிள் போட்ட ஒரு சிறு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆடாமல், இடைவெளியும் இல்லாமல் படியும்வரை ஒவ்வொரு சொடுக்காக இறக்கிப் பாருங்கள். ஒரு துளையில் கிடைத்த ஆழத்தைப் பூட்டிவிட்டால் மற்ற துளைகளுக்கு யோசிக்க வேண்டியதில்லை. கருவியின் கூண்டைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அது சுழன்றால் பூட்டு தளர்ந்து ஆழம் தானே மாறும், தகட்டிலும் வட்டக் கீறல் விழும்.

விரிசலுக்கு விடை நீங்களே சொல்லிவிட்டீர்கள். டிம்பிள் போடும்போது துளையின் விளிம்புதான் அதிகம் இழுபடுகிறது. அங்கே ஒரு பிசிறோ வெட்டோ இருந்தால் கிழிசல் அங்கிருந்தே தொடங்கும். துணியின் ஓரத்தில் சிறிது கத்தரித்துவிட்டு இழுப்பதைப் போல. சில ஆண்டுகளுக்கு முன் லேசரால் வெட்டிய துளைகள் சில தொகுப்புகளில் வந்தபோதும், டிம்பிள் போட்டதும் விரிசல் விட்டு, கட்டுபவர்களுக்குப் பெரிய தலைவலியானது. இரு பக்கமும் பிசிறை நீக்க வேண்டும், ஆனால் சரிவு தெரியும்வரை அல்ல. அரை மில்லிமீட்டர் தகட்டில் இருபுறமும் சரிவு வெட்டினால் நடுவில் என்ன மிஞ்சும்? கைப்பிடியுள்ள பிசிறு நீக்கியை இரண்டு விரலால் பிடித்து, அதன் எடையே அழுத்தமாக, ஒன்றிரண்டு சுற்று. விரல் நுனியைத் துளைமேல் வைத்து இழுத்தால் எதுவும் கடிக்கக் கூடாது. கண்ணுக்குச் சரிவும் தெரியக் கூடாது.

டிரில் பிட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வரைபடம் சொல்லும் 40ஆம் எண் பிட் 0.098 அங்குலம்; உங்கள் 2.5 மில்லிமீட்டர் அதற்குச் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 1/8 ரிவெட்டுக்கான 30ஆம் எண் 0.1285 அங்குலம், அதாவது 3.26 மில்லிமீட்டர், கடையில் கிடைக்கும் 3.2 அதற்குச் சிறியது. அதற்கு மட்டும் எண் பிட்டையே வரவழையுங்கள். மழுங்கிய பிட்டால் ஒரு துளைகூட இடாதீர்கள், பிசிறில் பாதி அதனால்தான் வருகிறது. துளைகளைக் குறிக்கப் பென்சிலும் வேண்டாம். அதன் கரி அலுமினியத்தில் ஈரம் பட்டால் அரிப்பைத் தொடங்கிவைக்கும், அதிலும் நீங்கள் இருப்பது தீவில். மை பேனா போதும்.


கார்போர்ச்_கட்டுநர் எழுதியது:

இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். வழிகாட்டி முனையுள்ள 100 பாகை வெட்டியும் கூண்டும் வந்து சேர்ந்தன. புதிய பழகு பெட்டியில் ஸ்பார் வரிசை முழுவதும் நகம் தட்டாமல் அமர்ந்தது. எனக்கு ஏழாவது சொடுக்கில் சரியாக வந்தது. விரிசல் ஒன்றுகூட இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் எல்லாத் துளைகளையும் பார்த்தேன். அதன் பிறகே சுக்கானைத் தொட்டேன்.

சுக்கானில் ஒரு சிக்கல். ரிவெட்டின் நீளத்தைக் கணக்கிட்டது சரியா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். 0.020உம் 0.025உம் சேர்ந்து 0.045, வெளியே நீட்ட வேண்டியது தண்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, 0.141, மொத்தம் 0.186. அதாவது 3/16 அங்குலம், ஏடி3-3. இதில் ஒன்று வளைந்து படுத்துவிட்டது. அதை நீக்க முயன்றபோது டிரில் ஓரமாகப் போய், துளை நீள்வட்டமாகிவிட்டது. தகட்டை மாற்ற வேண்டுமா?


சுபாங்_தகட்டுக்காரர் எழுதியது:

கணக்கு சரி. அறைந்த பிறகு ஷாப் ஹெட்டின் (தண்டின் வால் முனை நசுங்கி உருவாகும் தலை) அகலம் தண்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருக்க வேண்டும்; உங்கள் ரிவெட்டுக்கு 0.141க்கு 0.047. அதற்கான அளவுச் சட்டம் ஒன்றை மிச்சத் தகட்டில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம்.

ஒரு துளைக்காகத் தகட்டை மாற்ற வேண்டியதில்லை. என்ஏஎஸ்1097 என்றொரு ரிவெட் உண்டு. கட்டுபவர்கள் செல்லமாக ஐயோ ரிவெட் என்பார்கள். தண்டு 1/8 அங்குலம், ஆனால் தலை உங்கள் 3/32 ரிவெட்டின் தலையளவுதான். துளையை 30ஆம் எண்ணுக்கு விரித்தால் நீள்வட்டம் அதற்குள் அடங்கிவிடுகிறதா, விளிம்பிலிருந்து துளை மையத்துக்குப் புதிய தண்டின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு தூரம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால், ஏற்கனவே உள்ள டிம்பிளிலேயே அது சமமாக அமரும். தொகுப்பு நிறுவனத்துக்கு ஒரு படத்தோடு எழுதிக் கேட்டுக்கொண்ட பிறகு போடுங்கள். பதிலைக் கட்டுமானப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள்.

அடுத்த முறை நீக்கும்போது: ஏடி வகை ரிவெட்டின் தலை நடுவில் சிறு புள்ளிக் குழி இருக்கும். அதில் பிட்டை வைத்து, முதலில் மோட்டாரை ஓட்டாமல் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். நடுவில் பிடித்துக்கொண்ட பிறகு மெதுவாக ஓட்டுங்கள். தலையின் ஆழம் மட்டும் போதும். பிறகு துளையளவுக்குச் சற்றுச் சிறிய ஊசிப் பஞ்சை அந்தக் குழியில் விட்டுச் சாய்த்தால் தலை ஒடிந்து வரும். பின்பக்கம் பக்கிங் பாரை ஷாப் ஹெட்டுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு தண்டைத் தட்டி வெளியேற்றுங்கள். தாங்காமல் தட்டினால் ரிப் வளையும். தண்டு பிடிவாதம் பிடித்தால், ஷாப் ஹெட்டை வெட்டுக் குறட்டால் நறுக்கிவிட்டுத் தட்டலாம். தண்டையே துளையிட்டு எடுக்க மட்டும் முயல வேண்டாம், உங்கள் துளை நீண்டது அப்படித்தான் இருக்க வேண்டும்.


கார்போர்ச்_கட்டுநர் எழுதியது:

ஆம் ஐயா, தண்டு வரவில்லை என்று துளையிட்டேன். தொகுப்பு நிறுவனம் நீங்கள் சொன்ன ரிவெட்டையே போடச் சொல்லிப் பதில் எழுதியது. இன்று காலை போட்டேன். அது எந்த ரிவெட் என்று இப்போது எனக்கே விளக்கின் கீழே தேட வேண்டியிருக்கிறது. நாளை மறுபக்கத் தகட்டுக்கு டிம்பிள் போடத் தொடங்குகிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் மாலை ஐந்து முதல் ஏழு வரை நேரம் வாங்கியிருக்கிறேன்.